மண்சரிவைப் பற்றி ஆங்கிலத்தில்

ஜனவரி 13, செவ்வாய்
இருபத்திரண்டு வருடம் புவியியலைத் தமிழில் படிப்பித்துவிட்டேன். இந்த வருடத்திலிருந்து எல்லாம் ஆங்கிலம். எழுதிக்கொண்டு போனதை இன்று வாசித்தேன். "எனி குவெஸ்சன்ஸ்?" அறுபது பேரும் மேசையைப் பார்த்தார்கள். நானும்.

ஜனவரி 16
துறைத்தலைவர் ஹெக்டர் கூப்பிட்டார். பிள்ளைகளுக்கு விளங்கவில்லையாம். 27ஆம் திகதி வகுப்பில் வந்து இருப்பாராம். சரிவராவிட்டால் பாடம் வேறொருவருக்கு. எனக்குக் கதிரையைத் தானே இழுத்துப் போட்டுத்தான் சொன்னார். அதுதான் கூட நோகுது.

ஜனவரி 18, ஞாயிறு
குசினியில் விரிவுரை ஒத்திகை. மனைவி ரமணி மீன் வெட்டியபடி கேட்டாள். கப்பல் கம்பெனியில் முப்பது வருடம் இருந்தவள். ஆங்கிலம் பேச அவளுக்கு வேர்க்காது.
"இஞ்சாருங்கோ, இங்கிலீஷ் பிழையில்லை. ஆனா ஒண்டும் விளங்கேல்லை. மழைத்தண்ணி மண்ணுக்குள்ள போய் என்னதான் செய்யுது?"
கடதாசியை வைத்துவிட்டு, பலகையில் மாவைக் குவித்து, சரித்து, தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். வாயில் வந்த ஆங்கிலத்தில்.
"இது விளங்குது. இதை ஏன் அங்க செய்யிறேல்லை?"
"பிழை விட்டிடுவன் எண்டு பயம்."
இதை இதற்கு முன் யாரிடமாவது சொன்னேனா? அவள் சிரிக்கவில்லை. மீன் கையாலேயே என் முழங்கையைப் பிடித்தாள்.

ஜனவரி 22
காலி வீதி முழுக்க பஸ்ஸில் வாய்க்குள் விரிவுரை. பக்கத்திலிருந்தவர் எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

ஜனவரி 27, செவ்வாய்
கடைசி வரிசையில் ஹெக்டர். கடதாசியை எடுக்கவில்லை. பத்தாவது நிமிடம் ஒரு சொல் வரவில்லை. கேட்டேவிட்டேன்: "கசிவுக்கு இங்கிலீஷ் என்ன?"
"சீப்பேஜ், சேர்," என்றாள் முன்வரிசை நிம்றா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
பிறகு பதுளை மாணவன் ரொனி கையை உயர்த்தினான். பாதி ஆங்கிலம், பாதி சிங்களம். வீட்டுக்குப் பின்னால் சரிவிலிருந்து வரும் ஊற்று மூன்று நாளாகக் கலங்கி வருகிறதாம். அம்மா தனியவாம். அது பரவாயில்லையா, சேர்?
பரவாயில்லையா! சரிவுக்குள் மண் கரைகிறது என்றல்லவா அர்த்தம். சிங்களத்திலேயே சொன்னேன்: இப்பவே அம்மாவை வெளியே வரச் சொல். போனோடு ஓடினான். அதற்குப் பிறகு என்ன படிப்பித்தேன் — ஞாபகமில்லை.

ஜனவரி 29
ரொனி வீட்டின் பின்சுவர் வெடித்துப் பிளந்திருக்கிறதாம். அதிகாரிகள் வந்து பார்த்து, யாரும் உள்ளே போகக்கூடாது என்றுவிட்டார்கள். அம்மா தன் தங்கை வீட்டில் சுகம். ரொனி சொல்லிவிட்டு என் கையை விடவேயில்லை.

பெப்ரவரி 3, செவ்வாய்
ஹெக்டர் வரவில்லை. தான் இனி வரத் தேவையில்லையாம்.
நான்கு பக்கம் நடத்த நினைத்தேன், ஒன்றரைதான் போனது. அவ்வளவு கேள்வி. என் உச்சரிப்பை இரண்டு தரம் திருத்தினார்கள்.
"இண்டைக்குப் பாடம் முடியேல்லை," என்றேன் ரமணியிடம்.
"நல்லதாப் போச்சு," என்றாள்.