ஒழுவுக்கு ஏறும் கை

நீ தைத்த கடைசி டொப்பை, அந்த நீளக்கைச் சட்டையை, வெட்டிப் பார்க்க உன் மூத்த மகள் நேற்று என்னை விடவில்லை. கத்தரிக்கோலைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். நீ இருந்த வீடு இப்போது அவளுக்குச் சீதனம். அலுமாரியிலிருந்து அவள் எடுத்துத் தந்த பச்சை டொப்பில், நீ போட்டுவைத்த பூச்சி உருண்டையின் மணம் இன்னும் இருந்தது.

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. நீ மௌத்தாகி, உன்னை அடக்கம் செய்து ஏழு மாதத்தில், நீ தைக்க, தங்கை நான் விற்ற நம் பெனியன் துணி டொப்புகளின் பேர் கெட்டுவிட்டது. தையலுக்குப் புதிதாகப் பிடித்த பெண் சுத்தமாகத் தைக்கிறாள். ஆனால் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழு எடுப்பதற்கு டொப்பின் கையை மேலே தள்ளினால், முழங்கைக்குக் கீழேயே இறுகி நிற்கிறது. நற்பிட்டிமுனையில் விற்றதெல்லாம் திரும்பி வந்தது. “ஒங்கட டொப்புக்கும் சேத்து ஒழு எடுக்க ஏலா மாமி” என்று ஒருத்தி என் கையிலேயே திணித்துவிட்டுப் போனாள். பெருநாள் சரக்கும் இப்படியானால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். உன் அளவில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது, பிரித்துப் பார்த்தால் பிடிபடும் என்று நம்பினேன்.

முதல் டொப் தைத்த அன்று அதை நீயே போட்டுக்கொண்டு கிணற்றடியில் நின்றாய். கையை ஏற்றினாய், கழுவினாய், இறக்கினாய். திரும்பவும் ஏற்றினாய்.

“போதும் கா, சந்த முடியப் போகுது.”

“ஏத்தின கை கழுவி முடியும் மட்டும் மேல நிக்கணும். இல்லாட்டி ஒரு நாளைக்கு அஞ்சு தரம் திட்டு விழும்.”

“தச்சது நீ. ஒனக்குத்தானே விழும்?”

“வித்தது ஆரு?”

 நீ டொப்புக்குக் கை வெட்டும்போது ஓரத்தில் ஒரு கீலம் துணி வீணாகும். அதற்காக உன்னைக் குத்திக் காட்டாத கிழமை இல்லை. “துணிய வெட்டுறியா, திங்கிறியா?” என்பேன். நீ கீலத்தைச் சுருட்டி மகளின் தலைமுடியைக் கட்டிவிடுவாய்.

நேற்று அந்த மகள் உன் டொப்பின் கையைக் குறுக்கே இழுத்தாள். ரப்பர் மாதிரி விரிந்தது. நீளவாக்கில் இழுத்தாள், அசையவில்லை. பிறகு நான் கொண்டுபோன புது டொப்பை இழுத்துப் பார்த்தாள். அதில் எல்லாம் தலைகீழ்.

“சாச்சி, கைத்துண்டத் திருப்பிப் போட்டு வெட்டச் சொன்னது ஆரு?”

நான்தான். அப்படி வெட்டிக் கீலத்தை மிச்சம் பிடிக்கச் சொன்னதும் நான், அந்தப் புதுப் பெண்ணைத் திட்டியதும் நான்.

“உம்மா ஒங்களுக்குச் சொல்லல்லியா?”

“சொல்லிரிப்பா. நான்தான் காதுல போட்டிருக்க மாட்டன்.”

உன் அளவில் சூட்சுமம் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, பசி வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த பசி. அவள் அவித்து வைத்திருந்த மரவள்ளிக்கிழங்கை ஒரு கோப்பை தின்றேன். இன்று காலையில் புதுப் பெண்ணிடம் போய், பிழை என்னுடையது என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் அதைச் சொல்ல முடியாதது மட்டும் என்னோடேயே இருக்கும்.

பெருநாள் சரக்கை உன் மகளே வெட்டித் தைக்கிறாள். பேரம் பேசிப் பேசியே கடை போட்டவள் நான். நேற்று அவள் சொன்ன முதல் விலைக்கே தலையாட்டினேன். டொப் ஒன்றுக்குக் கூலி இருநூற்றைம்பது ரூபா, துணியும் நூலும் என்னுடையவை, வெட்டு அவள் சொல்படி.