நான்காவது சீர்

இன்று காலை என் பென்சில் டப்பாவின் அடியில் உன் நீலப் பேனா மூடி கிடைத்தது. முனையில் உன் பல் தடம் அப்படியே இருக்கிறது. நாளை இலக்கிய மன்றத்தில் நம் போர்க்கவிதையைப் பற்றி நான் தனியாகப் பேச வேண்டும்.

கவிதையில், போரிலிருந்து திரும்பும் ஒவ்வொரு வீரனிடமும் ஒரு தாய் தன் மகன் எங்கே என்று கேட்கிறாள். ஒவ்வொருவனும் ‘பின்னால் வருகிறான் அம்மா’ என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறான். நான்கு பகுதிகளும் அந்த அடியில்தான் முடிகின்றன. நான் எதுகை, மோனைக்கெல்லாம் அடிக்கோடிட்டேன். ‘முன்னால்’, ‘பின்னால்’ என்ற எதுகையைக் கண்டதும் துள்ளினேன். பிறகு சீர்களை எண்ணினேன். மற்ற அடிகளில் நான்கு. இதில் மட்டும் மூன்று. ‘சீர் குறைகிறது. கவிஞரின் பிழை’ என்று கட்டுரையில் எழுதியே விட்டேன்.

பெஞ்சில் பக்கத்தில் இருந்த நீ படித்துவிட்டுச் சிரித்தாய். “கவிஞருக்கே மார்க்கைக் குறைச்சிட்டீகளா புலவரே?”

“எண்ணிப் பாருடி. மூணுதான் இருக்கு.”

நீ எண்ணவில்லை. இந்த மூடியால் பெஞ்சில் தட்டிக்கொண்டே படித்தாய். அடிக்கு நான்கு தட்டு. அந்த அடி வந்ததும் மூன்று தட்டிவிட்டுக் கையை அந்தரத்திலேயே நிறுத்தினாய். அடுத்த தட்டுக்கு என் காது காத்திருந்தது.

“வரலைல்ல?” என்றாய். “அவனும் அப்படித்தான்டி வரல.”

‘பிழை’யை அடித்தேன். மன்றத்தில் நான் விளக்குவது, நீ தட்டுவது என்று முடிவு செய்தோம். பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். ஆறாம் நாள் நம் வகுப்பே உன் வீட்டு வாசலில் நின்றது.

“தட்டுறதுக்கு வேற யாரையாச்சும் சேத்துக்கோ கண்ணு” என்றார் தமிழ் டீச்சர். தலையாட்டினேன். யாரையும் கேட்கவில்லை.

தெப்பக்குளம் நிறுத்தத்துக்கு நீ என்றைக்கு நேரத்தில் வந்தாய்? தெருமுனையிலிருந்தே “ஏறி இடம் போடுடி, வாரேன்” என்று கத்துவாய். இன்றும் பழக்கத்தில் பக்கத்து இருக்கையில் என் பையை வைத்திருந்தேன்.

“பைக்கும் டிக்கெட் எடுத்திருக்கியா பாப்பா? யாரு வாரா?” என்று கேட்டார் கண்டக்டர்.

“பின்னால வாரா அண்ணே.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் நகர்ந்த பிறகுதான் என் காதில் விழுந்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கூடையோடு நின்றிருந்த ஓர் அக்கா உட்கார்ந்தார்.

நாளை நானே தட்டுகிறேன், உன் மூடியால். எதுகையை விளக்குவேன், மோனையை விளக்குவேன், ஒரே அடி ஏன் நான்கு முறை வருகிறது என்றும் சொல்வேன். மூன்றாவது தட்டுக்குப் பிறகு கையை நிறுத்துவேன். அந்த இடத்தை மட்டும் விளக்க மாட்டேன்.