பத்திரிகையின் பின்பக்கம்

நவம்பர் 3, ஞாயிறு

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, அலமாரிச் சாவியைச் சமையலறை ஆணியிலிருந்து எடுத்து என் கைப்பைக்குள் போட்டேன். இவர் சொல்லித்தான். வீட்டு வேலைக்கு நிற்கும் வடிவு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தாள், அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டாள். அலமாரிக்குள் இருப்பவை என் நகைகளும் அவளுடைய பாஸ்போர்ட்டும்.

நேற்று வந்து நின்றாள். "டீச்சரம்மா, எங்கம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சுங்க. பேச்சு வரலையாம். பத்து நாளு போயிட்டு ஓடியாந்துர்றேன்."

இவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "மகளுக்குப் பள்ளிக்கூடச் சோதினை முடியட்டும். இப்ப விட்டா இவள் திரும்பி வரமாட்டாள்."

நான்? டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். குவைத்தில், இந்த அப்பாசியாவில் யார் வீட்டில்தான் வேலைக்காரியின் பாஸ்போர்ட் அவள் கையில் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் 4, திங்கள்

பதினோராம் வகுப்புக்கு அமெரிக்கக் குடியேற்றங்கள். நன்றாகத்தான் படிப்பித்தேன். தங்களை ஆங்கிலேய அரசனின் பிள்ளைகளாக நினைத்திருந்த சனங்கள், கடல் கடந்து வந்த சில எண்ணங்களால் மெல்ல மெல்ல வேறு ஆட்களானார்கள். உரிமை அரசன் தருவதல்ல, பிறப்போடு வருவது. சம்மதமில்லாமல் யாரும் யாரையும் ஆள முடியாது. அச்சடித்தார்கள், தேவாலயத்தில் பேசினார்கள், மதுக்கடைகளில் உட்கார்ந்து வாதாடினார்கள். தங்களைக் கேட்காமல் போட்ட வரியை அடிமைத்தனம் என்றார்கள்.

சொல்லும்போது உடம்பு சிலிர்த்தது. இருபது வருடமாகச் சிலிர்க்கிறது. என்ன பிரயோசனம்?

நவம்பர் 6, புதன்

அந்தக் காலத்துப் பத்திரிகை ஒன்றின் படத்தைத் திரையில் காட்டினேன். முன்பக்கம் முழுக்கச் சுதந்திரம் பற்றிய கட்டுரை. பின்பக்கத்தில் ஓடிப்போன அடிமைகளைத் தேடும் விளம்பரங்கள் — வயது, உயரம், தழும்பு, உடுத்திருந்த உடுப்பு, பிடித்துத் தருபவருக்குச் சன்மானம்.

"மிஸ், ரெண்டையும் ஒரே ஆளா அச்சடிச்சாரு?" முன்வரிசை நாகஜோதி கேட்டாள். ஓம் என்றேன். "அவருக்கு உறுத்தவே இல்லையா?"

அந்தக் காலத்தை அந்தக் காலத்துக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். அழகான பதில். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் துஷானி வாசலிலேயே நிற்கிறாள். "அம்மா, வடிவக்கா பாத்ரூமுக்குள்ள க்ரை பண்றா. டூ சம்திங்!" நாளைக்கு அப்பாவோடு கதைக்கிறேன் என்றேன்.

நவம்பர் 7, வியாழன்

கதைக்கவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

குப்பை போடப் போன வடிவு திரும்பி வரவில்லை. வாளி லிஃப்ட் வாசலில் கிடந்தது. நான் கொடுத்த சுடிதார் மடிப்புக் கலையாமல் அவளுடைய பாயில்.

பின்னேரம் என் ஃபோனுக்குச் செய்தி வந்தது: "டீச்சரம்மா நான் எம்பசியில இருக்கேன். பாஸ்போட்டு இருந்தா சீக்கிரம் அனுப்பி வைப்பாங்களாம். மன்னிச்சுக்கங்க."

மன்னிப்பு — அவள் கேட்கிறாள்!

இவருக்கு அதைக் காட்டவில்லை. "எங்கட சனமெண்டு நம்பினன்," என்று கத்தினார். "ஞாயிற்றுக்கிழமை பொலிசில ஓடிப்போன கேஸ் குடுக்கவேணும். இல்லாட்டி எங்கட தலையிலதான் விழும்."

கேஸ் பதிந்தால் அவள் இலேசில் ஊருக்குப் போகமுடியாதே என்றேன்.

"நீர் உம்மட பாடத்தைப் பள்ளிக்கூடத்தோட வைச்சுக்கொள்ளும்."

நவம்பர் 9, சனி

"எழுத்து வேலை உமக்குத்தானே வரும். அடையாளமெல்லாம் எழுதித் தாரும்," என்றார் இவர். உட்கார்ந்தேன். வயது முப்பத்தொன்பது. உயரம் என் தோளளவு. இடது மணிக்கட்டில் எண்ணெய் பட்ட தழும்பு — துஷானியின் பிறந்தநாளுக்கு வடை பொரித்தபோது பட்டது. உடுத்திருந்தது மண்ணிறச் சட்டை, கறுப்புச் சால்வை.

கை நின்றுவிட்டது. இதை நான் வாசித்திருக்கிறேன். புதன்கிழமை, திரையில், பிள்ளைகளுக்கு முன்னால். சன்மானம் ஒன்றுதான் குறை.

இவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "வடிவா எழுதியிருக்கிறீர்."

ஐயோ, என்ன மனுஷி நான்?

நவம்பர் 10, ஞாயிறு

விடியற்காலையில் செய்தி: "அம்மா போயிட்டாங்க டீச்சரம்மா. செவ்வாக்கிழமை வரைக்கும் உடம்ப வச்சிருப்பாங்களாம்."

ஒரு வாரம் முன்னால் நான் வாய் திறந்திருந்தால் அவள் தாயை உயிரோடு பார்த்திருப்பாள். இதற்குப் பிறகு நான் எதைச் செய்தாலும் அந்த முகம் வராது.

ஞாயிறு இங்கே வேலைநாள்; பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று செய்தி அனுப்பினேன். இவர் பத்து மணிக்குப் பொலிசுக்குப் போகிறாராம். எம்பசி அதற்கு முன் திறந்துவிடும். அடையாளம் எழுதிய தாளைக் கிழித்தாயிற்று. பாஸ்போர்ட் என் கைப்பையில், சாவியோடு.

இவ்வளவு நாளும் அதை யார் வைத்திருந்தது என்று அங்கே கேட்பார்கள். இவருடைய பெயரைச் சொல்லமாட்டேன். நான்தான் என்று என் பெயரைச் சொல்லி, கையெழுத்தும் போடுவேன்.

துஷானி இன்னும் தூங்குகிறாள். இவர் குளித்துக்கொண்டிருக்கிறார்.