ஐந்து பேருக்கு ஒரே கார்டு

ஜூன் 16, திங்கள்

குணா திருடன். முதலாளியின் மச்சினன் என்பதால் கடையில் யாரும் சொல்வதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. நெரவி வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை. காரைக்காலுக்கு பஸ்ஸில் நின்றே வந்தேன், துணிக்கடையிலும் நின்றே வேலை.

விஷயம் இதுதான். சேலைக் கம்பெனி வைத்த டார்கெட்டை நம் கடை எட்டியதால் முதலாளிக்குப் பரிசு: எட்டு கப்பல் டிக்கெட். சென்னையிலிருந்து திருகோணமலை, அங்கே ஒரு பகல், திரும்ப சென்னை. அவர், அவர் மனைவி, குணா மூன்று பேர் போக மீதி ஐந்து 'உழைக்கும் பெண்களுக்கு'. பாஸ்போர்ட் போன மாதமே எடுத்தாயிற்று, வெள்ளிக்கிழமை கப்பல். போட்டோ எடுத்து கடை வாசலில் பேனர் வைப்பார்களாம். ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் கடை ஈ ஓட்டும் நாட்கள் வேறு. லீவு விட்டாலும் நஷ்டமில்லை.

ஐந்து பேர்: நான் (பில்). வசந்தா அக்கா (பட்டு, குரும்பகரத்திலிருந்து வருகிறார், பதினான்கு வருட சர்வீஸ்). ஜெய்னம்பு லாத்தா (நைட்டி; லாத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா). குழந்தைகள் செக்‌ஷன் தேவி, மலர்.

மத்தியானம் குணா வந்தான். டூர் ஏஜென்ட் வேலை பார்க்கிறான், இந்த ட்ரிப்பும் அவன் கையில்.

"கப்பல்ல நம்ம ரூபா செல்லாதும்மா. ஆளுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு எங்கிட்ட குடுத்துடுங்க. டாலரா மாத்தித் தர்றேன்."

"என்ன ரேட்டுண்ணே?"

"தொண்ணூத்தேழு. சர்வீஸ் ஐநூறு தனி."

இன்றைக்கு டாலர் எண்பத்தாறு சொச்சம். போனில் எடுத்துக் காட்டினேன்.

"அது டிவில சொல்ற ரேட்டு. கைக்கு வர்ற ரேட்டு வேற. நீ பில்லு போடு."

பில் போட்டேன். போட்டுக்கொண்டே கணக்கும் போட்டேன். திருகோணமலையில் அவன் பஸ்ஸில் ஊர் சுற்ற ஆளுக்கு ஆறாயிரத்து ஐநூறு. 'விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்.' எங்கள் மாதச் சம்பளம் அவனுக்குத் தெரியும். நாங்கள் கப்பல் தளத்தில் நின்று கரையை வேடிக்கை பார்ப்போம் என்பதும் தெரியும்.

பார்க்க மாட்டோம்.


ஜூன் 18, புதன்

மேல்காற்று. மண் கண்ணில்.

சாப்பாட்டு நேரத்தில் பாங்க். கவுண்டரில் ஒரு மேடம், மூக்குக்கண்ணாடி, பொறுமைசாலி. கேட்டுத் தெரிந்துகொண்டவை:

- கார்டை வெளிநாட்டுக்குத் திறந்து வைக்க வேண்டும். ஆப்பிலேயே செய்யலாம். செய்துவிட்டேன்.
- கப்பலுக்குள் பணம் எடுக்காதே. கரையில் இறங்கி ஏ.டி.எம்.மில் எடு.
- ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் பாங்க் நூற்றைம்பது பிடிக்கும். அதுபோக நூற்றுக்கு மூன்றரை. அங்கே உள்ள மெஷினும் கொஞ்சம் பிடிக்கும்.
- மெஷின் கடைசியில், 'இந்திய ரூபாயிலேயே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டுமா' என்று கேட்கும். "ரொம்பப் பாசமா கேக்கும்மா. வேணாம்னு அமுத்திடு. சரின்னா அவன் வெச்சதுதான் ரேட்டு."

ஐந்து பேர் ஐந்து முறை எடுத்தால் ஐந்து நூற்றைம்பது. ஒரே முறை எடுத்தால் ஒன்று. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாங்கள் ஐந்து பேரும் மாதச் சீட்டு போடுகிறவர்கள்தான். ஆளுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு என் அக்கவுண்டில். ஒருத்தி எடுக்க வேண்டும், ஐந்து பேரும் செலவழிக்க வேண்டும்.

நைட்டி அடுக்குக்குப் பின்னால் பேச்சு.

வசந்தா அக்கா: "கடல் தாண்டிப் போயி மெஷின் பல்ல இளிச்சா என்னடி பண்றது? குணாகிட்ட குடுத்தா கையிலயாவது இருக்கும்."

நான்: "குணாகிட்ட குடுத்தா கப்பல்ல மறுபடி இலங்கைக் காசா மாத்தணும். ரெண்டு வெட்டு. மிஞ்சுறது அஞ்சு பேருக்கும் சேத்து இருபத்தஞ்சாயிரம் இலங்கை ரூபா. நம்ம வழில நாப்பதாயிரம்."

லாத்தா: "அப்ப நடுவுல பதினஞ்சாயிரத்த யாரு தின்னா?"

தேவி: "பான்பராக்கா துப்பிருப்பான்."

சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. முந்தானை முடிச்சிலிருந்து நோட்டை எடுத்து என்னிடம் தந்தார். "ஒன்ன நம்பித்தான்."

இதுதான் பாரம். குணாவிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. என் கணக்கு தப்பினால் நான்கு பேர் என்னால் கப்பலை விட்டு இறங்க முடியாமல் நிற்பார்கள்.


ஜூன் 20, வெள்ளி

விடிகாலை நான்கு மணிக்கு காரைக்காலிலிருந்து வேன். பாண்டிச்சேரி தாண்டியதும் தேவிக்கு வாந்தி. சென்னை துறைமுகத்தில் மூன்று மணி நேர வரிசை. பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி வசந்தா அக்காவிடம், "முதல் தடவையா?" அக்கா: "எல்லாமே மொத தடவதான் சார்."

கப்பல் பெரிசு. சொன்னால் அம்மா நம்பமாட்டாள்: உள்ளே லிஃப்ட் எட்டு மாடி.

சாப்பாடு டிக்கெட்டில் சேர்த்தி. தண்ணீர் பாட்டிலுக்குத் தனிக் காசு. கடலுக்கு நடுவில் தண்ணீரை விற்கிறவனை என்ன சொல்வது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைச் சாப்பாட்டுக் கூடத்தில் நிரப்பிக்கொண்டோம். லாத்தா இரண்டு தடவை.

கரை மறைந்ததும் சிக்னல் போச்சு.


ஜூன் 21, சனி

கடல். வெறும் கடல்.

பணம் மாற்றும் கவுண்டருக்குப் போய்ப் பார்த்தேன். பலகையில் டாலருக்கு இருநூற்றைம்பது இலங்கை ரூபாய். வெளியே முந்நூறு. கார்டைக் கொடுத்துக் கையில் பணம் வாங்கினால் நூற்றுக்கு ஆறு பிடித்தம். கவுண்டர் பெண் மிசோரம்காரி. என் வயதுதான் இருக்கும். மெதுவாகச் சொன்னாள்: "கரையில் எடுங்கள்." அவளும் சம்பளக்காரி.

சாயந்திரம் குணா எங்கள் மேஜைக்கு வந்தான்.

"கடைசி சான்ஸு. நாளைக்கு ஞாயித்துக்கெழம. அந்த ஊர்ல மெஷின்ல காசே இருக்காது. மொதலாளியே எங்கிட்டதான் வாங்கிருக்காரு."

வசந்தா அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் தயிர்சாதத்தைப் பார்த்தேன்.

"வேணாம் தம்பி," என்றார் அக்கா. "எங்ககிட்ட ஏற்பாடு இருக்கு."

ஏற்பாடு. அந்தச் சொல் இன்னும் காதில். 


ஜூன் 22, ஞாயிறு. திருகோணமலை

கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். 

காலை ஒன்பதுக்கு இறங்கினோம். நான்கு மணிக்குள் திரும்ப வேண்டும். துறைமுக வாசல் வரை ஓசி பஸ். வெளியே பத்து நிமிட நடையில் ஏ.டி.எம். எங்களுக்குப் பின்னால் கப்பல் ஆட்கள் ஏழெட்டுப் பேர்.

கார்டைப் போட்டேன். நாற்பதாயிரம். மெஷின் யோசித்தது. கார்டைத் துப்பியது. அனுமதி இல்லை.

திரும்ப. அனுமதி இல்லை.

ஆப்பைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வெளிநாட்டுக்கு என்று மூன்று பொத்தான்: கடைக்கு ஒன்று, ஆன்லைனுக்கு ஒன்று, ஏ.டி.எம்.முக்கு ஒன்று. மூன்றாவதை நான் திறக்கவில்லை. இப்போது திறக்க நெட் இல்லை. பி.காம். முதல் வகுப்பு.

பின்னால் வரிசை. அப்போதுதான் குணாவின் ஏசி பஸ் கடந்துபோனது. ஜன்னலோரம் அவன். கையை ஆட்டினான்.

வசந்தா அக்கா முந்தானையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

ஜெய்னம்பு லாத்தா புர்காவுக்குள் கையை விட்டு ஒரு கார்டை எடுத்தார். "இது ஆவுமான்னு பாரு."

"அதுலயும் தொறக்கணும் லாத்தா."

"மக்காவுக்கு உம்ரா போனப்ப எங்க மவன் ஏதோ தொறந்து வுட்டான். மூடுன்னு யாரும் சொல்லல. எங்க வூட்டுக்காரர் துபாய்லேர்ந்து அனுப்புனது பதினாலாயிரம் கெடக்கு."

"பின் நம்பர்?"

வரிசை முழுக்கக் கேட்கும்படி, "அவங்க பொறந்த வருசம்."

"சத்தமா சொல்லாதீங்க லாத்தா."

"வருசத்தச் சொல்லலையே. இவங்களுக்கு எங்க வூட்டுக்காரர் வயசு தெரியுமாக்கும்?"

நாற்பதாயிரம். மெஷின் யோசித்தது. பிறகு மேடம் சொன்ன அதே கேள்வி, பளபளவென்று: இந்திய ரூபாயில் கணக்கிடவா? லாத்தாவின் விரல் 'சரி'யை நோக்கிப் போனது. பிடித்து நிறுத்தினேன். வேண்டாம். அமுக்கினேன்.

உள்ளே கடகடவென்று எண்ணுகிற சத்தம். அதைப் போல ஒரு சத்தம் நான் கேட்டதில்லை.

லாத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வரிசையில் யாரோ கைதட்டினார்கள். ஐந்து பேரும் நோட்டைத் தொட்டுப் பார்த்தோம்.

வேன்காரர் பெயர் தயா. இருபத்தைந்தாயிரம் கேட்டார். வசந்தா அக்கா பட்டுச்சேலைக்குப் பேரம் பேசும் நூறு பேரை தினம் சமாளிப்பவர். எதிர்ப்பக்கம் இருந்து பேச இன்றுதான் வாய்ப்பு. பதினெட்டில் முடிந்தது. "அக்கா, நீங்க இந்தியாவில என்ன, வக்கீலோ?" என்றார் தயா.

முதலில் கோணேசர் கோயில். லாத்தா வாசலில் மான்களோடு உட்கார்ந்திருந்தார். பிறகு கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒரு சூடு. வாளியால் மொண்டு காலில் ஊற்றிக்கொண்டே இருந்தோம். வசந்தா அக்கா சேலையை முழங்கால் வரை தூக்கினார். இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக் கறுத்துக் கிடக்கிறது.

தயா பார்த்துவிட்டார். "என்னக்கா கால் இப்பிடி?"

"துணிக்கடை தம்பி. காலைல ஒம்பதரைலேர்ந்து ராத்திரி ஒம்பதரை நிக்கிறோம்."

"நடுவில கொஞ்சம் ஸ்டூல்ல இருக்க விட மாட்டாங்களோ?"

வசந்தா அக்கா சேலையை இறக்கிவிட்டுக்கொண்டார். மலர்தான்: "நாகப்பட்டினத்துல நான் வேல பாத்த கடைல ஸ்டூல் குடுத்தாங்க. அங்க உக்கார விடணும்னு சட்டம் இருக்கு. வாஞ்சூர் எல்ல தாண்டுனா நம்மது பாண்டிச்சேரி, வேற அரசாங்கம்."

"வேற அரசாங்கம்னா வேற காலா?" என்றார் தயா. சாதாரணமாகத்தான் கேட்டார்.

அப்போதுதான் குணாவின் பஸ் வந்து சேர்ந்தது. எங்களுக்கு ஒரு மணி நேரம் கழித்து. முதலாளியம்மா இறங்கினார், வியர்வை. எங்கள் ஈரக்காலைப் பார்த்தார்.

"நீங்க எப்டி வந்தீங்க?"

"வேன்மா."

"எவ்ளோ?"

"எல்லாம் சேத்து ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம், நம்ம காசுல."

திரும்பி தம்பியைப் பார்த்தார். "குணா. எங்கிட்ட எவ்ளோ வாங்குன?"

"அக்கா, அது கம்பெனி ரேட்டுக்கா."

"டாலர் என்ன ரேட்டுக்குக் குடுத்த?"

அவன் கிணற்றை எட்டிப் பார்த்தான். ஆழம் அதிகமில்லை.

சொந்த அக்காவையும் விடவில்லை. திருடன் என்று எழுதியதில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம்.

உப்புவெளியில் மீன் சோறு. லாத்தா இரண்டாவது தட்டு. தேவி தங்கச்சிக்குப் பை. வசந்தா அக்கா மகளுக்கு ஒரு கவுன், தனக்கு ஒன்றுமில்லை என்றார். நான்கு பேரும் மிரட்டி ஒரு செருப்பு வாங்க வைத்தோம், மெத்தென்று. மிஞ்சிய அறுநூறும் தயாவுக்கு. நாலடிக்கப் பத்து நிமிடம், கப்பல் ஏறியாச்சு.

ஜெயித்துவிட்டோம். நானில்லை. லாத்தா மகன் மூட மறந்த பொத்தான்.


ஜூன் 23, திங்கள்

கடல். குணா தனி மேஜை. முதலாளியும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை.

எண்ணூர் புகைக்கூண்டு தெரிந்ததும் சிக்னல். பொத்தான் எல்லாம் அதே இடத்தில்தான் இருக்கிறது. லாத்தா கார்டில் எடுத்த பணத்தை லாத்தாவுக்கு அனுப்பினேன். கமிஷன் எல்லாம் சேர்த்தே பன்னிரண்டாயிரத்து நூறுதான். ஆளுக்கு எண்பது திரும்பக் கொடுத்தேன். வசந்தா அக்கா எண்பது ரூபாயை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.


ஜூன் 25, புதன்

கடை. புழுக்கம். வாசலில் பேனர் ஏறிவிட்டது: கப்பல் படிக்கட்டில் ஐந்து பேர் சிரிக்கிறோம்.

ஒன்பதரைக்கு முதலாளி எங்களைக் கல்லாவுக்குக் கூப்பிட்டார். சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார், முதுகைக் காட்டியபடி.

"வேன் புடிக்க யாரு சொன்னது? வூட்ல ரெண்டு நாளா சண்ட. குணா கோவிச்சுகிட்டுப் போய்ட்டான். அடுத்த வருசம் ட்ரிப்பு கெடையாது, சொல்லிட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தா அக்கா முன்னால் போனார். பதினான்கு வருடத்தில் அவர் முதலாளியிடம் 'சரிங்க' தவிர எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

"ட்ரிப்பு வேணாங்க மொதலாளி. ஆளில்லாத நேரத்துல உக்கார செக்‌ஷனுக்கு ஒரு ஸ்டூல் போடுங்க. பிளாஸ்டிக் போதும்."

ஊதுபத்தி பற்றிவிட்டது. முதலாளி திரும்பாமலே அடுத்த தீக்குச்சியைக் கிழித்தார்.

லாத்தா வந்து அக்கா பக்கத்தில் நின்றார். மலர். தேவி. நான்.

"எப்பங்க போடுவீங்க?" என்றார் அக்கா.

குச்சி அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தார்.

"ஒங்களத்தான் கேக்குறோம் மொதலாளி. எப்ப?"