மொரீஷியஸ் காசில் தமிழ் இல்லை

பாசமுள்ள செல்லையா அண்ணாச்சிக்கு,

நேற்று ஆரியசாலை மாடி அறையில் நம் நாணயச் சங்கத்தின் வினாடி வினா நடந்தது. போன வருடம் நாம் இருவரும் ஓர் அணி. இந்த முறை நான் தனியாக உட்கார்ந்தேன். இரண்டாவது சுற்றிலேயே வெளியே வந்துவிட்டேன். சிரிக்கிறீர்களா?

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஓர் ஓட்டலில் புரோட்டா போட்டவர் நீங்கள். அதற்கு முன்பு கோவளத்தில் வேலை பார்த்தபோது வெளிநாட்டுக்காரர்கள் மேஜையில் விட்டுப்போன சில்லறைதான் உங்கள் சேகரிப்பின் தொடக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன நீங்கள், காசுகளைப் பார்த்தே இங்கிலீஷ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டீர்கள். முதன்முதலில் கூட்டிப் படித்த சொல் ‘ஃபிராங்க்’ என்பீர்கள். நடுவில் ஓட்டையுள்ள இரண்டு காசுகளைக் கையில் கொடுத்தால், கண்ணை மூடித் தடவியே டென்மார்க் எது, நார்வே எது என்று பிரித்துவிடுவீர்கள். டிகிரி முடித்து அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் எனக்கு அது இன்றுவரை வரவில்லை.

போன வருடம் இறுதிச் சுற்றுவரை வந்தோம். கேள்விகள் இங்கிலீஷில் வரும். நான் உங்கள் காதில் தமிழில் சொல்வேன். நீங்கள் சொல்லும் பதிலை எழுதிக் கொடுப்பேன். கடைசிக் கேள்வி, இன்று எந்தெந்த நாட்டுக் காசுகளில் தமிழ் எழுத்து இருக்கிறது என்பது. அதைக் கேட்டதும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்களிடம் கேட்காமலே இலங்கை, சிங்கப்பூர், மொரீஷியஸ் என்று எழுதி நீட்டிவிட்டேன்.

கேள்வி கேட்ட நாயர் சார் தன் தாளைப் பார்த்தார். “செரி! மூணும் செரி! கப்பு இவங்களுக்குத்தான்!” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எட்டு வருடங்களில் நாம் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. என் மகள் பின்வரிசையில் எழுந்து நின்று தட்டினாள்.

நீங்களும் எழுந்தீர்கள். “சார், மன்னிக்கணும். மொரீஷியஸ்ல நோட்டுலதான் தமிழ் உண்டு. காசுல கெடையாது.”

“எந்தா செல்லையா, என்டெ தாள்லயே அங்ஙனதான இருக்கு?” என்றார் நாயர் சார்.

“தாள்ல தப்பா இருக்கு சார்.” பையிலிருந்து ஒரு மொரீஷியஸ் ரூபாய்க் காசை எடுத்து அவர் கையில் வைத்தீர்கள். அவர் கண்ணாடியை ஏற்றி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கேள்வி ரத்தானது. மாற்றுக் கேள்விக்கு எதிரணி முந்திக்கொண்டது. கப்பு போய்விட்டது.

படியிறங்கும்போது உங்களிடம் கத்தினேன். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எந்திரிச்சிருக்கக் கூடாதா அண்ணாச்சி?”

“சொல்லியிருந்தா நீ சட்டையப் பிடிச்சு உக்கார வச்சிருப்ப, தாயி.”

உண்மைதான். பிடித்து உட்கார வைத்திருப்பேன். அதனால்தான் கோபம் அவ்வளவு வந்தது. அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு நான் வரவில்லை. மூன்றாவது மாதம் டீ நேரத்தில் என் அலுவலக வாசலில் வந்து நின்றீர்கள். “கப்பு இல்லாட்டி கெடக்கட்டும். எனக்கு இங்கிலீஷ் கேள்வி யாரு சொல்லுவா? வா” என்றீர்கள். அவ்வளவுதான், சண்டை முடிந்தது. ஆனால் தப்பு என்னுடையது என்று நான் சொல்லவே இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். சித்திரையில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனவர் அங்கேயே நெஞ்சுவலியில் போவீர்கள் என்று யார் கண்டார்கள்? மனதில் என்மேல் வருத்தம் ஏதும் வைத்திருந்தீர்களா, அண்ணாச்சி?

எத்தனையோ படித்தவர்களோடு வேலை பார்க்கிறேன். கை தட்டல் ஓயும் முன்னே எழுந்து ‘என் பதில் தப்பு’ என்று சொன்ன ஆள் வேறு யாரையும் நான் கண்டதில்லை. இத்தனைக்கும் அந்தத் தப்பு உங்களுடையதுகூட இல்லை.

ஒரு சேதி. இனிமேல் காசை மேஜையில் வைக்காமல் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை என்று நாயர் சார் நேற்று அறிவித்தார். “செல்லையா படிப்பிச்சதாணு” என்றார். நீங்கள் கற்றுக்கொடுத்தது என்கிறார், அண்ணாச்சி.

மதினி ஊரிலிருந்து போன் பண்ணினார்கள். “அவுக பொட்டில என்னென்னமோ கெடக்கு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஒருநா வந்து எழுதிக் குடும்மா” என்றார்கள். வருகிற சனிக்கிழமை போகிறேன். ஒவ்வொரு காசையும் கவரில் போட்டு, நாட்டின் பெயரையும் வருடத்தையும் தமிழில் எழுதி வைப்பேன். எனக்கு நிச்சயமாகத் தெரியாத காசின் கவரில் ‘தெரியவில்லை’ என்றே எழுதுவேன். ஒன்றைக்கூட ஊகித்து எழுத மாட்டேன், அண்ணாச்சி. இது சத்தியம்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
பகவதி
திருவனந்தபுரம்