அம்மா படித்த ஹாக்கி நாவல்

மைசூரு
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தீபக்,

இங்கே நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நாலாவது வார்த்தையில் சண்டை வருகிறது. அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

ஃபேக்டரி ஆபீஸில் ராணி ஒரு இங்கிலீஷ் நாவல் கொடுத்தாள். உங்கள் ஊர் ஐஸ் ஹாக்கிக் கதை. ஒரு கோல்கீப்பர், அதே டீமில் புதிதாகச் சேர்ந்த இன்னொருவன். இருவருக்கும் முதலில் ஆகவே ஆகாது. அப்புறம் காதல். வெள்ளிக்கிழமை ஹெப்பாள் பஸ்ஸில் படித்துக்கொண்டே ஃபேக்டரி ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். வெயிலில் திரும்பி நடக்கும்போதும் சிரிப்பு அடங்கவில்லை. நீ படித்திருக்கிறாயா?

உன் அம்மா,
காவேரி

டொரான்டோ
9 ஆகஸ்ட்

அம்மாவுக்கு,

படித்ததில்லை. படிக்கவும் மாட்டேன். அந்த மாதிரிப் புத்தகங்கள் இங்கே சூப்பர் மார்க்கெட்டில் சோப்புக்குப் பக்கத்தில் கிடக்கும். எல்லாருக்கும் சிக்ஸ் பேக். கடைசியில் டீமே நின்று கைதட்டும். எங்களை வைத்து யாரோ செய்த மிட்டாய் அது. உன்னைப் போன்றவர்கள் பஸ்ஸில் சப்பிக்கொண்டு போகலாம்.

மூன்று வருடம் முன்பு, கவின்ராஜோடு சேர்ந்து வாழ்கிறேன் என்று சொன்னேன். "சரி, அங்கே குளிரா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாய். அதற்குப் பிறகு அவன் பெயர் உன் வாயில் வந்ததே இல்லை. கோல்கீப்பரை ரசிப்பது சுலபம்தான். அவன் உன் சொந்தக்காரர்கள் முன்னால் வந்து நிற்க மாட்டான்.

தீபக்

மைசூரு
25 ஆகஸ்ட்

அன்புள்ள தீபக்,

உன்னைப் புரிந்துகொள்ள அதைப் படித்தேன் என்று நினைத்துவிட்டாய். இல்லை. பிடித்திருந்தது, படித்தேன். அதற்கு உன்னிடம் அனுமதி வாங்க வேண்டுமா? முழங்காலில் அடிபட்டவனுக்கு மற்றவன் குனிந்து ஷூ லேஸ் கட்டிவிடும் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் இதமாக இருப்பதை இந்த வீட்டில் நான் எங்கே பார்த்தேன்? மிட்டாய் என்றால் மிட்டாய்தான்.

நேற்று கொள்ளேகாலிலிருந்து உன் சீனிவாசன் சித்தப்பா ஒரு பெண் ஜாதகத்தோடு வந்தார்.

"பையனுக்கு முப்பத்தொண்ணு ஆச்சுங்க அண்ணி. நல்லாப் பொருந்துதுங்க" என்றார்.

"அவனுக்கு வேண்டாங்க. கவின்ராஜ்னு ஒரு பையனோட குடும்பம் நடத்துறானுங்க."

"வாய மூடுங்க. கேட்டா ஊரே காறித் துப்பும்."

"துப்புறதுன்னா வெளிய போய்த் துப்புங்க. இப்பத்தான் வீடு தொடச்சேன்."

இரண்டு பெண்டாட்டிகளை அடித்து விரட்டிய மனிதர், எனக்குக் குடும்ப மானத்தைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனார். அந்தக் காபியையும் நானே குடித்தேன். இனி அந்தப் பக்கமிருந்து ஒரு காதுகுத்துக்குக்கூட நமக்கு அழைப்பு வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

அம்மா

டொரான்டோ
26 ஆகஸ்ட்

அம்மா,

நீ எழுதியதைக் கவின் சத்தமாகப் படித்தான். வீடு துடைத்த இடம் வந்ததும் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். மிச்சத்தை நான் படித்தேன்.

அந்த நாவல் குப்பை என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இல்லை.

டிசம்பரில் வருகிறோம், இரண்டு பேரும். ஹோட்டலில் தங்கலாமா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்றேன். நீ ஹாலில் இன்னொரு கட்டில் போட்டு வைப்பாய், எனக்குத் தெரியும். போடாதே. எங்களுக்கு ஒரே அறை போதும்.

தீபக்