ஓரகத்தியின் பிடியில்

ஜூன் 2, திங்கள்
பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. மகளை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது சுவரில் மலையாள நோட்டீஸ் ஒன்று. எல்லையோர ஊர், எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். மழையில் பாதி கிழிந்திருந்தது. 'பிரேசிலியன்' என்பதும், பெண்களுக்கு ஒரு மாதம் இலவசம் என்பதும், கொல்லங்கோட்டு விலாசமும்தான் மிச்சம். பிரேசில் என்றால் டான்ஸ்தானே? உடம்பு பெருத்து, எனக்கு ஒரு ஜாக்கெட்டும் பற்றவில்லை. வியாழக்கிழமை போகப் போகிறேன். இவரிடம் உடற்பயிற்சி என்று மட்டும் சொன்னேன். "வரப்புல நாலு நட நடந்தா ஆவாதா?" என்றார்.

ஜூன் 5, வியாழன்
டான்ஸ் இல்லை.

டைல்ஸ் கடை மாடி. கொலுசு போட்டு, பூ வைத்துக்கொண்டு போனேன். உள்ளே வெள்ளை உடுப்பில் ஆறு ஆண்கள் தரையில் ஒருவரை ஒருவர் முறுக்கிக்கொண்டு கிடந்தார்கள். ஒருவன் தலை இன்னொருவன் தொடைகளுக்கு நடுவில். பிரேசிலியன் ஜியு-ஜிட்ஸுவாம், ஒரு வகை மல்யுத்தம். அடி, உதை கிடையாது. பிடிப்பது, மடக்குவது, கழுத்தை நெரிப்பது, அவ்வளவுதான்.

திரும்பிவிடலாம் என்று செருப்பைத் தேடும்போது படியேறி வந்தது யார்? மயிலாத்தா அக்கா. என் ஓரகத்தி, இவருடைய அண்ணன் மனைவி. பூ, கொலுசு, புதுச் சுடிதார் — அவளும் டான்ஸுக்குத்தான் வந்திருக்கிறாள்!

இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. அவர்கள் புதுவீட்டுப் பத்திரிகையில் எல்லார் பேரும் இருந்தது, என் பேர் மட்டும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அவள் ஆடு இந்தப் பக்கம் வந்தால்கூட ஆகாயத்தைப் பார்த்துத்தான் சத்தம் போடுவேன்.

அவள் என்னைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். நானும் உள்ளே போய்விட்டேன். அவளுக்கு முன்னால் பயந்து ஓடுவதா?

ஜூன் 9, திங்கள்
பெண்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஆகவே ஜோடி. மாஸ்டர் ரிஜினுக்கு இருபத்தாறு வயது இருக்கும். எங்கள் குடும்ப விவகாரம் அவருக்கு எப்படித் தெரியும்?

"இறால் போலப் பின்னால் நீங்கணும் சேச்சி," என்றார். இறாலை நான் குழம்பில்தான் பார்த்திருக்கிறேன். மல்லாந்து படுத்து, இடுப்பைத் தள்ளித் தள்ளி அறை முழுக்க நகர்ந்தேன்.

பிறகு ஒருவர் மேல் ஒருவர். பேச்சுவார்த்தை இல்லாதவள் என் நெஞ்சின் மேல் ஐந்து நிமிடம் படுத்திருந்தாள்! ஆறு மாடு கறக்கும் கை. மூச்சு முட்டியது. தாங்க முடியாவிட்டால் எதிராளியை மூன்று தட்டுத் தட்ட வேண்டும், உடனே விட்டுவிடுவார்கள். தட்டினால் தோற்றதாக அர்த்தம்.

நான் தட்டவில்லை. போயும் போயும் இவளிடமா?

ஜூன் 10, செவ்வாய்
கழுத்து திரும்பவில்லை.

ஜூன் 16, திங்கள்
மாஸ்டர் மெட்டியைக் கழற்றச் சொன்னார். பதினாறு வருட மெட்டி. சோப்பு, தேங்காயெண்ணெய் எதற்கும் மசியவில்லை. எதிர் மூலையில் அவளும் அதே விரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்
இன்றும் நான் தட்டவில்லை. அவளும்தான். "எல்லாரும் தட்டும், ஞானும் தட்டும். சேச்சிமாருக்கு மாத்திரம் என்ன?" என்று ரிஜின் கேட்டார். ஆளுக்கொரு சுவரைப் பார்த்தோம்.

ஜூன் 26, வியாழன்
இதை எழுத உட்காருவதற்குள் இரண்டு தடவை வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டேன்.

பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றும் பிடி. என் கை அவள் தாடைக்கு அடியில் வாகாகப் போய் உட்கார்ந்துவிட்டது. தட்டுவாள் என்று காத்திருந்தேன். தட்டு, தட்டித் தொலை — எல்லாம் மனசுக்குள். வாயைத் திறக்க முடியுமா, பேச்சுத்தான் இல்லையே! திடீரென்று துணிமூட்டை மாதிரி என் மேல் சாய்ந்தாள்.

"அக்கா! அய்யோ, கொன்னுபோட்டனே! கண்ணத் தொறங்க்கா!"

ரிஜின் ஓடி வந்து அவள் காலைத் தூக்கிப் பிடித்தார். பத்து விநாடி இருக்கும். அதற்குள் தாயில்லாமல் போன அவளுடைய இரண்டு மகன்களுக்கும் நானே பெண் பார்த்து, மனசுக்குள் கல்யாணமும் முடித்துவிட்டேன்.

கண்ணைத் திறந்தாள். என்னையே பார்த்தாள்.

"அம்மிணி, மாட்டுக்குத் தவுடு வெச்சியா?"

இரண்டு வருடத்தில் முதல் பேச்சு. "வெச்சுட்டனுங்க்கா," என்றேன். பொய். அவள் மாட்டுக்கு நான் ஏன் வைக்கப் போகிறேன்? கொஞ்ச நேரத்தில் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது போல. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூன் 27, வெள்ளி
விடிந்ததும் வேலி தாண்டிப் போய் அவள் மாட்டுக்குத் தவிடு வைத்தேன். முட்ட வந்தது.

ஜூலை 3, வியாழன்
இலவச மாதம் முடிகிறது. இரண்டு பேரும் போனோம். நான் தோளைத் தொட்டதுமே அவள் மூன்று தட்டுத் தட்டிவிட்டாள்.

"இன்னும் புடிக்கவே இல்லீங்களே?"

"புடிச்சப்பறம் தட்டறதுக்கு உசுரு இருக்கோணுமில்ல?"

பிறகு அவள் முறை. என் மேல் ஏறி உட்கார்ந்து, காதோரம் குனிந்து சொன்னாள். "பத்திரிகைக்குப் பேரு எழுதிக் குடுத்தது எங்கூட்டுக்காரரு. நான் பாக்கவே இல்ல புள்ள. என்ற பேரயே தப்பாப் போட்டிருந்துச்சு."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே?"

"நீ கேக்கவே இல்லியே."

நான் கேட்கவே இல்லைதான். இரண்டு வருடம்! ஏதோ சொல்ல வந்தேன், மூச்சு வரவில்லை. மூன்று தட்டுத் தட்டினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு
காசு கட்டித் தொடர்ந்ததில், இன்று பாலக்காட்டில் போட்டி. எங்கள் வயதுக்கு வேறு ஆளே வராததால் எடை பார்க்காமல் எங்கள் இரண்டு பேரையும் மோதவிட்டார்கள். நேராக இறுதிச் சுற்று. எங்கள் வீட்டுக்காரர்கள், அண்ணனும் தம்பியும், முன்வரிசையில் உட்கார்ந்து, யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் ரிஜினுக்குத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் அக்காவின் கையைப் பிடித்துவிட்டேன். அக்கா கீழே கிடந்தபடியே, "ஏம் புள்ள, பக்கத்துத் தோட்டத்து நல்லமுத்து மக வளைகாப்புக்கு எந்தச் சேல கட்டறது?" என்றாள்.

"பச்ச கட்டுங்க்கா."

பேசக்கூடாது என்று நடுவர் எச்சரித்தார்.

"பச்சயில பால் கற புடிச்சிருக்குது."

"அப்ப என்ற மாம்பழ நெறச் சேலய எடுத்துக்கோங்க. முழங்கைய மடக்காதீங்க, வலிக்கும்."

இரண்டாவது எச்சரிக்கை. அந்த நிறம் தனக்கு எடுக்காது என்றாள் அக்கா. எடுக்கும் என்றேன். மூன்றாவது தடவை நடுவர் எங்களைப் பிரித்து எழுப்பிவிட்டு, இரண்டு பேரும் வெளியே என்று கையைக் காட்டினார். காரணம், ஓயாத பேச்சு. ரிஜின் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் ஆண்கள் முன்னால், நாங்கள் பின்னால். கொல்லங்கோடு தாண்டியும் சேலை முடிவாகவில்லை.